கேட்க ஒருவர் போதும்

அன்புள்ள மாணவிக்கு,

பதினொன்றாம் வகுப்புப் பாடச்சுமைக்கு நடுவிலும் நீ ஜெர்மன் படிப்பதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால், "எங்கள் ஊரில் ஜெர்மன் பேசிப் பழக யாருமில்லை ஐயா, இலக்கணத்தை முடித்துவிடுகிறேன், பேச்சை ஜெர்மனிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எழுதியிருக்கிறாயே, அதை என்னால் ஏற்க முடியவில்லை.

டிராய் நகரைத் தோண்டிய ஹைன்ரிஷ் ஷ்லீமனைப் பாடத்தில் படித்திருப்பாய். தோண்டியது பிற்காலக் கதை. பதினான்கு வயதில் மளிகைக் கடை வேலைக்குப் போன அவர், 1844இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிக நிறுவனத்தின் கடிதங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். அப்போது ரஷ்ய மொழி கற்க ஆசைப்பட்டார். சொல்லித்தர ஆள் கிடைக்கவில்லை. கையில் இருந்தவை ஒரு பழைய இலக்கணம், ஓர் அகராதி, 'டெலிமாக்' என்ற பிரெஞ்சுக் கதையின் சுமாரான ரஷ்ய மொழிபெயர்ப்பு, அவ்வளவுதான். பிரெஞ்சு கற்றபோதே அந்தக் கதையை மனப்பாடம் செய்திருந்தார். எனவே ரஷ்ய வரிகளில் பொருள் தேடித் திண்டாட வேண்டியிருக்கவில்லை. அதையும் நெட்டுருப் போட்டார். கேட்க ஓர் ஆள் இருந்தால் இன்னும் வேகமாக வரும் என்று தோன்றவே, வாரம் 4 பிராங்க் கூலிக்கு ஓர் ஏழை யூதரை அமர்த்திக்கொண்டார். அவர் தினமும் மாலையில் வந்து 2 மணி நேரம் உட்கார்ந்து கேட்பார். ரஷ்ய மொழியில் ஓர் எழுத்துகூட அவருக்குத் தெரியாது! பலகைத் தளம் போட்ட வீடு. இவர் உரக்க ஒப்பிப்பது எல்லா மாடிக்கும் கேட்டது. மற்றக் குடித்தனக்காரர்கள் புகார் சொல்லி, இரண்டு முறை வீடு மாற வேண்டியதாயிற்று.

ஆறே வாரத்தில் ரஷ்ய மொழியில் வணிகக் கடிதம் எழுதினேன் என்கிறார். அவர் தன் புகழைக் கூட்டிச் சொல்கிறவர். அந்தக் கணக்கை நான் அப்படியே நம்பவில்லை. ஆனால் அவுரி ஏலத்துக்கு வந்த ரஷ்ய வணிகர்களோடு அவர்கள் மொழியிலேயே பேசினார். 1846இல் நிறுவனம் அவரைத் தன் முகவராகப் பீட்டர்ஸ்பர்குக்கு அனுப்பியது. அவர் செல்வமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்கியது.

புரியாத காதுக்கு என்ன பயன் என்று கேட்பாய். எதிரே ஒருவர் இருந்தால் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக முடியாது. தடுமாறினாலும் வேறு சொல் தேடி முடித்தாக வேண்டும். நாளை நேர்முகத் தேர்விலோ, மருத்துவமனையில் ஒரு நோயாளியிடமோ நீ செய்யப்போவதும் இதுதான். கைப்பேசிச் செயலியில் பச்சைப் பொத்தானை அழுத்திப் புள்ளி சேர்ப்பதால் இந்தத் திறன் வராது. அந்த விளையாட்டை மொழிப் பயிற்சி என்று விற்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

மனப்பாடத்தைப் பழிப்பது இப்போது கல்வியாளர்களுக்கு வழக்கமாகிவிட்டது. பழிக்க வேண்டியது, விடைத்தாளில் கொட்டிவிட்டு மறந்துபோகும் மனப்பாடத்தை. ஷ்லீமன் உருப்போட்டது வாய்க்காக. ஆங்கிலத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது 'தி விகார் ஆஃப் வேக்ஃபீல்ட்', 'ஐவன்ஹோ' ஆகிய இரண்டு நாவல்களை. அவர் எழுதியதைப் படித்த பிறகு நூலகத்திலிருந்து முதல் நூலை எடுத்து வந்து சில பக்கங்களை உரக்கப் படித்துப் பார்த்தேன். நீண்ட வாக்கியங்கள், ஆனால் மூச்சு வாங்கும் இடங்கள் தாமாகவே அமைந்திருக்கின்றன. பட்டியலில் சொல் படிப்பவருக்கு இந்த மூச்சு கிடைக்காது.

உன் பாட்டியை உட்கார வைத்துக்கொள். தமிழில் உனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையை ஜெர்மனில் எடுத்து உரக்கச் சொல். நீ எங்கே திக்குகிறாய் என்பது மொழி தெரியாத பாட்டிக்கும் தெரியும். அந்த இடத்தைக் குறித்துக்கொள். பிறகு உன் தெருவைப் பற்றியோ தம்பியோடு போட்ட சண்டையைப் பற்றியோ பத்து வரி எழுதி உன் ஜெர்மன் ஆசிரியரிடம் திருத்தி வாங்கு. திருத்திய வடிவத்தை மறுநாள் பார்க்காமல் சொல். ஜெர்மனில் கிளை வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறதே என்று ஆங்கிலவழி மாணவர்கள் புலம்புவார்கள். நீ அஞ்சாதே, வினைக்காகக் காத்திருப்பது தமிழருக்குப் பிறவிப் பழக்கம்.

முதல் பத்து வரியை, சிவப்பு மைத் திருத்தங்களோடு அப்படியே எனக்கு அனுப்பு. படி எடுத்து அழகாக்கி அனுப்பாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்