அளந்து பின்னுவோம்

எலிசபெத் சிம்மர்மன் அம்மையார் 1959 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நூல் வியாபாரம் தொடங்கினார். விற்பதோடு நில்லாது தாமும் மேற்சட்டைகள் பின்னினார். குளிருக்கேற்ற கம்பளி நூலே அவரது விருப்பம். எங்கள் வெயிலுக்குப் பருத்தி நூலே உகந்தது.

அவர் கற்பித்த முறை எளிது. முதலில் சிறு மாதிரித் துண்டொன்றைப் பின்னுங்கள். ஓர் அங்குலத்திலுள்ள கண்ணிகளை எண்ணி, சட்டையின் சுற்றளவால் பெருக்குங்கள். அங்குலத்துக்கு 5 கண்ணி, சுற்றளவு 40 அங்குலம் என்றால் 200 கண்ணிகள் வேண்டும். மணிக்கட்டுக்கு அதில் ஐந்திலொரு பங்கு, அதாவது 40.

பருத்தி சுருங்கக்கூடியது. ஆகவே துண்டைக் கழுவி உலர்த்திய பின்பே எண்ணுங்கள். இடம்பெயர்ந்த நிலையில் கைக்காசு அரிது. அளவு தவறிய சட்டைக்குக் கொடுத்த பணம் திரும்பாது. விதைநெல்லை முளைக்க வைத்துப் பார்த்து விதைக்கும் உங்களுக்கு இது புதிய பாடமல்ல.