நீண்ட ஆங்கிலச் சொல்லை உடைத்துப் படிப்போம்

காணியையும் வீட்டையும் விட்டுக் கலஹாப் பக்கம் வந்திருக்கும் எமது குடும்பங்களுக்கு அடிக்கடி எதிர்ப்படும் ஆங்கிலச் சொற்கள் மூன்று: ரீசெட்டில்மன்ட், ரீலோகேஷன், கொம்பன்சேஷன். முதலாவது, மீளக் குடியேறுவது. இரண்டாவது, வேறிடத்தில் குடியமர்த்தப்படுவது. மூன்றாவது நட்டஈடு. தொலைபேசியில் உத்தியோகத்தர் வேகமாகச் சொல்லும்போது எதுவென்று பிடிபடாவிட்டால், எந்தப் பட்டியலில் எமது பெயர் இருக்கிறதென்றே தெரியாமற் போகும். (1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியாயிற்று. தமிழ்ப் படிவம் கேட்க எவரும் கூச வேண்டியதில்லை.)

நீண்ட சொல்லைக் கண்டு மலைக்காமல் அசை அசையாக உடைப்போம். அசை என்றதும் பள்ளிக்கூடத்து நேரும் நிரையும் நினைவுக்கு வரும். ஆங்கிலக் கணக்கு வேறு. கலஹா என்பதை யாப்பின்படி கல-ஹா என இரண்டாகப் பிரிப்போம். நிரை நேர், புளிமா. ஆங்கிலத்திலோ ஓர் உயிரொலிக்கு ஓர் அசை. ஆகவே க-ல-ஹா, மூன்று. எழுத்தைப் பார்த்து எண்ணாதீர்கள். ஒலிக்காத எழுத்துகள் ஆங்கிலத்தில் ஏராளம். புறங்கையை நாடிக்குக் கீழே வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்லுங்கள். நாடி எத்தனை தரம் இறங்குகிறதோ, பெரும்பாலும் அத்தனை அசை.

அடுத்தது அழுத்தம். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே பலத்தோடு சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஒன்று ஓங்கி ஒலிக்கும், மற்றவை தேயும். கேட்பவரின் காது அந்த ஓங்கிய அசையையே தேடும். அதற்கு முன்னால் ' குறி இட்டுள்ளோம்.

"ஷன்" என முடியும் சொற்களில் அழுத்தம் அதற்கு முந்திய அசையில் விழும்: கொம்-பன்-'சே-ஷன், ரீ-லோ-'கே-ஷன், ரெ-ஜிஸ்-'ட்ரே-ஷன். ஆறசை கொண்ட ஐ-டென்-டி-பி-'கே-ஷன்கூட இதற்கு அடங்கும். 'டெ-லி-வி-ஷன் மட்டும் முரண்டு பிடிக்கும்! அடையாளத்தைக் குறிக்கும் ஐ-'டென்-டி-டி என்ற சொல்லில் "டென்" ஓங்குகிறது. "ஷன்" வந்து ஒட்டியதும் அழுத்தம் "கே"க்குத் தாவிவிடுகிறது.

"மன்ட்" அப்படி இழுப்பதில்லை. 'செட்-டில் என்பதன் அழுத்தம் ரீ-'செட்-டில்-மன்ட் ஆனபின்னும் அதே இடத்தில் நிற்கும்.

எம்மவர் பலர் சர்டிபிகேட் என்று கடைசி அசையை நீட்டுவார்கள். சர்-'டி-பி-கட் என இரண்டாவதை ஓங்கி, கடைசியைச் சுருக்கிச் சொல்லிப் பழகுவோம்.

நாடியில் கைவைத்து இவற்றையும் உடைத்துப் பாருங்கள்: அப்ளிகேஷன், டிவெலப்மன்ட், அக்ரிகல்சர்.

விடை: அப்-ளி-'கே-ஷன், டி-'வெ-லப்-மன்ட், 'அக்-ரி-கல்-சர். கடைசிச் சொல்லுக்கு மேற்சொன்ன விதி எதுவும் உதவாது. காதால் கேட்டே பிடிக்க வேண்டும்.