சிங்கப்பூரில் ஒரு மரபு நடை

நுழையும்முன்

ஒரு நாட்டின் வரலாற்றை நூல்களில் படித்தறிவது ஒரு வழி. அவ்வரலாறு நிகழ்ந்த மண்ணில் நடந்து, அது விட்டுச்சென்ற பொருள்களைக் கண்டு, வினா எழுப்பிக் கற்பது மற்றொரு வழி. வழிகாட்டியின் துணையுடன் மேற்கொள்ளும் இத்தகைய பயணம் ‘மரபு நடை’ எனப்படுகிறது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூரில், அருங்காட்சியகங்களை இணைத்து அரை நாளில் நடந்து முடிக்கத்தக்க ஒரு மரபு நடையை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு வினா

சிங்கப்பூர் தனிநாடானது 1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் அத்தீவில் கால்பதித்தது 1819ஆம் ஆண்டு ஜனவரி மாதம். இவ்விரண்டு ஆண்டுகளை மட்டும் அறிந்தவர்க்கு, காடு மண்டிக் கிடந்த மீனவர் தீவு ஒன்றை ஆங்கிலேயர் நகரமாக்கினர் என்பதே முழு வரலாறாகத் தோன்றும். நெடுங்காலம் அவ்வாறே சொல்லப்பட்டும் வந்தது. ‘ஒரு நாட்டின் வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது?’ என்னும் வினாவோடு இந்நடை தொடங்குகிறது.

படிக்க இயலாத கல்

நடையின் முதல் இடம் ஸ்டாம்ஃபோர்டு சாலையிலுள்ள தேசிய அருங்காட்சியகம். இக்கட்டடம் 1887இல் திறக்கப்பட்டது. இங்குள்ள பொருள்களுள் முதலில் காணவேண்டியது, ஒரு மீட்டருக்கும் குறைவான அகலமுடைய மணற்கல் துண்டு. ‘சிங்கப்பூர்க் கல்’ எனப்படும் இதன்மீது தேய்ந்த எழுத்துகள் காணப்படுகின்றன.

ஒரு காலத்தில் இது சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நின்ற பெரும்பாறையின் ஒரு பகுதி. ஏறத்தாழ 3 மீட்டர் உயரமும் 3 மீட்டர் அகலமும் உடைய அப்பாறையில் 50 வரிகள் அளவில் எழுத்துகள் செதுக்கப்பட்டிருந்தன. 1819இல் கண்டறியப்பட்ட அக்கல்வெட்டை, 1843இல் ஆங்கிலேயப் பொறியாளர்கள் வெடிவைத்துத் தகர்த்தனர். ஆற்றின் வாயிலை அகலப்படுத்துவதும் கோட்டைக்கு இடம் ஒதுக்குவதுமே அதற்குக் காரணங்கள். எஞ்சிய துண்டுகளுள் சில கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்று பிற்காலத்தில் திரும்பி வந்தது. அரபு, தமிழ் மரபுகளில் வந்த மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா, தாம் நேரில் கண்ட அக்கல் அழிக்கப்பட்டதை எண்ணி வருந்தி எழுதியுள்ளார்.

அவ்வெழுத்துகள் எம்மொழிக்கு உரியவை என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படவில்லை. பழைய ஜாவா மொழி என்றும் சமற்கிருதம் என்றும் தமிழ் என்றும் அறிஞர்கள் பலவாறு கருதுகின்றனர். முழுக்கல்லும் இருந்திருந்தால் இவ்வையம் தீர்ந்திருக்கக்கூடும். 1819க்கு முன்பே இத்தீவில் எழுதத் தெரிந்தோரும், எழுதி வைக்கத்தக்க செய்தியும் இருந்தன என்பதற்கு இத்துண்டே சான்றாகிறது.

மண்ணுக்குள் ஒரு நகரம்

அருங்காட்சியகத்தை ஒட்டியே கேனிங் கோட்டைக் குன்று எழுகிறது. இந்தியாவின் தலைமை ஆளுநராக இருந்த கேனிங்கின் பெயர் இக்குன்றுக்கு இடப்பட்டது. மலாய் மக்கள் அதனைத் தடைசெய்யப்பட்ட குன்று என்னும் பொருளில் ‘புக்கிட் லாராங்கான்’ என அழைத்தனர். பண்டைய அரசர்களின் அரண்மனை அங்கிருந்தது என நம்பினர்.

நம்பிக்கைக்கு மண்ணிலிருந்து சான்று கிடைத்தது. 1928இல் நீர்த்தேக்கம் அமைக்கத் தோண்டியபோது, ஜாவானியப் பாணியில் அமைந்த பொன் தோள்வளைகள் வெளிப்பட்டன. 1984இல் ஜான் மிக்சிக் என்னும் அறிஞரின் தலைமையில் நடைபெற்ற அகழாய்வில் 14ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சீனப் பீங்கான் துண்டுகளும் கண்ணாடிப் பொருள்களும் கிடைத்தன. சீன வணிகர் வாங் தாயுவான் அதே நூற்றாண்டில் இத்தீவைப் பற்றி எழுதிய குறிப்புகளோடு இவை பொருந்தின. ‘தெமாசெக்’ என்னும் வணிக நகரம் கதையன்று, வரலாறு என்பது நிறுவப்பட்டது.

கலந்து வாழ்ந்த மக்கள்

குன்றிலிருந்து இறங்கினால் ஆர்மேனியன் தெருவில் பெரனாக்கான் அருங்காட்சியகம் உள்ளது. 1912இல் கட்டப்பட்ட பள்ளிக் கட்டடத்தில் இஃது இயங்குகிறது. ‘அனாக்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குக் குழந்தை என்பது பொருள். அதிலிருந்து பிறந்த ‘பெரனாக்கான்’ என்னும் சொல், வெளிநாட்டு வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான குடிவழியினரைக் குறிக்கிறது.

சீனப் பெரனாக்கான் மக்களின் மணிவேலைக் காலணிகளோடு, ‘மலாக்கா செட்டிகள்’ பற்றிய செய்திகளையும் இங்கு அறியலாம். இவர்கள் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். மலாய் மொழி பேசி, மலாய் உடை உடுத்தி, சைவ வழிபாட்டைப் போற்றிவரும் இவர்கள், பண்பாடு என்பது மாறாமல் காக்கப்படுவது மட்டுமன்று, கலந்து வளர்வதும் ஆகும் என்பதை உணர்த்துகின்றனர்.

பெயர் அறியப்படாத கைகள்

அங்கிருந்து கோல்மன் தெரு வழியே நடந்தால் புனித ஆண்ட்ரூ பேராலயம் காட்சி தருகிறது. 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட இதனை எழுப்பியோர், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட தண்டனைக் கைதிகள். கட்டடத்தின் பெயர் நிலைத்தது. கட்டியவர்களின் பெயர்களோ அங்குப் பொறிக்கப்படவில்லை.

பேராலயத்தை அடுத்துள்ள பரந்த திடல் ‘பாடாங்’ எனப்படும். அதன் ஒருபுறம் பழைய நகர மண்டபமும் உச்ச நீதிமன்றமும் இணைந்து, 2015 முதல் தேசியக் கலைக்கூடமாக விளங்குகின்றன. 1942 முதல் நீடித்த சப்பானியர் ஆட்சி, 1945 செப்டம்பர் 12ஆம் நாள் அந்நகர மண்டபத்தில் முறைப்படி முடிவுக்கு வந்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1943 ஜூலையில், இதே திடலின் முன்னர் இந்திய தேசிய இராணுவத்தின் அணிவகுப்பைப் பார்வையிட்டார் சுபாஷ் சந்திரபோஸ். அப்படையில் தமிழ்த் தொழிலாளர் பலர் இருந்தனர்.

திடலின் மறுபுறத்தில், அப்படையின் மறைந்த வீரர்களுக்காக நினைவுச் சின்னம் ஒன்று 1945இல் எழுப்பப்பட்டது. ஆங்கிலேயர் மீண்டும் வந்தவுடன் அதனைத் தகர்த்தனர். அவ்விடத்தில் 1995இல் சிங்கப்பூர் அரசு அடையாளச் சின்னம் ஒன்றை நிறுவியது. முதலில் கண்ட கல் ஆற்றின் வாயிலை அகலப்படுத்த உடைக்கப்பட்டது. இச்சின்னமோ நினைவை அழிக்கவே உடைக்கப்பட்டது.

கடலடியிலிருந்து வந்த சான்று

ஆற்றங்கரையில் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 1867இல் கட்டி முடிக்கப்பட்ட இக்கட்டடம் குடியேற்ற அரசின் அலுவலகமாக விளங்கியது. அதுவரை கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்ட சிங்கப்பூர், அவ்வாண்டில்தான் இலண்டனின் நேரடி ஆட்சிக்கு மாறியது.

இங்குள்ள பெருஞ்செல்வம், இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே 1998இல் கண்டறியப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு ஆகும். ஆணிகளின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட பலகைகளைக் கொண்ட அக்கப்பல், மேற்காசியக் கட்டமைப்பை உடையது. அதில் ஏறத்தாழ 60,000 சீன மட்கலங்களும் பீங்கான்களும் இருந்தன. சீனத்தையும் இந்தியப் பெருங்கடல் நாடுகளையும் இணைத்த கடல்வழி, ராஃபிள்ஸின் வருகைக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சுறுசுறுப்பாக இயங்கியதை இச்சரக்கு காட்டுகிறது.

கல் நின்ற இடம்

அருங்காட்சியகத்தின் அருகே ஆற்றங்கரையில் ராஃபிள்ஸின் வெண்சிலை நிற்கிறது. அவர் வந்திறங்கியதன் 200ஆம் ஆண்டான 2019இல், அச்சிலையின் அருகே மேலும் நால்வரின் சிலைகள் சில காலம் நிறுத்தப்பட்டன. ‘சிங்கப்பூரா’ எனப் பெயரிட்டதாக மலாய் மரபு கூறும் சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, வணிகர் டான் டோக் செங், அந்நகரின் முதல் செங்கற்சூளையை அமைத்த நாராயண பிள்ளை ஆகியோரே அவர்கள். ஒருவர் மட்டும் நின்ற இடத்தில் ஐவர் நின்றபோது, வரலாற்றைப் பார்க்கும் பார்வையும் விரிந்தது. அந்நாட்டின் பள்ளி வரலாற்றுப் பாடங்களும் இன்று 14ஆம் நூற்றாண்டிலிருந்தே தொடங்குகின்றன.

நடை முடியும் இடம் ஆற்றின் முகத்துவாரம். தொடக்கத்தில் கண்ட கல் நின்றிருந்தது இங்கேதான். தொடக்க ஆண்டு எது என்பதைச் சான்றுகள் முடிவு செய்கின்றன; புதிய சான்று கிடைக்கும்போது அந்த ஆண்டும் பின்னோக்கி நகர்கிறது. சிங்கப்பூர்க் கல்லில் எஞ்சிய எழுத்துகளைப் படிக்கும் பணி இன்னும் முடியவில்லை.

தெரிந்து தெளிவோம்

புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது ‘மெட்ராஸ் சுண்ணம்’. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவையும் கரும்புச் சருக்கரையையும் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து இக்காரை செய்யப்பட்டது. உலர்ந்தபின் தேய்த்து மெருகேற்றினால் பளிங்குபோல் மின்னும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் மாவட்ட அருங்காட்சியகத்திலுள்ள ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, அஃது எங்கு, எவ்வாறு கிடைத்தது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. உங்கள் ஊரில் உடைந்தோ மறைந்தோ போன ஒரு நினைவுச் சின்னத்தைப் பற்றி முதியோரிடம் வினவி, வகுப்பில் கலந்துரையாடுக.