வெட்டுப்புள்ளியும் கூட்டாளியும்

திருகோணமலைப் பக்கம் பத்து வயதுப் பிள்ளைகளின் கூட்டைப் பிரிப்பது பெரும்பாலும் சண்டையல்ல, வெட்டுப்புள்ளி. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் நிலாவெளியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் சில பிள்ளைகள் தரம் 6இற்கு நகரத்துக் கல்லூரிகளுக்குப் போகிறார்கள். பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் ஊரிலேயே நின்றுவிடுகிறார்கள். கோணேஸ்வரா இந்துவோ சண்முகா மகளிரோ கிடைத்த சந்தோசத்தில் வீட்டார் இந்தப் பிரிவைக் கணக்கெடுப்பதில்லை. "அங்க போனா புதுக் கூட்டாளிமார் வருவாங்கதானே" என்பதோடு கதை முடிந்துவிடும்.

வருவார்கள்தான், ஆனால் அதற்கு நேரம் வேண்டும். அமெரிக்க உளமருத்துவர் ஹரி ஸ்டாக் சலிவன், தான் இறந்தபின் 1953இல் வெளியான நூலில், இந்த வயதில் அமையும் ஒரேயொரு நெருங்கிய நட்பைப் பெரிதாக மதித்தார். இன்னொருவரின் சந்தோசமும் தன்னுடையதைப் போலவே முக்கியம் என்று பிள்ளைக்கு முதன்முதலில் படுவது அதில்தான் என்பது அவர் கருத்து. அந்த நட்புக்கு நேரம் எங்கே? பாடசாலை ஏழரைக்குத் தொடங்கி ஒன்றரைக்கு விடுகிறது. இடைவேளை சாப்பாட்டுக்கே காணாது. மிஞ்சுவது பஸ்ஸுக்காக நிற்கும் நேரமும், ஒரு சரை கச்சானை இரண்டு பேர் எண்ணிப் பிரித்துக்கொண்டே நடக்கும் நேரமும்தான். கிண்ணியாவில் 2009இல் பாலம் திறந்தபின் 'பாதை' எனும் படகுக்குக் காத்துக் கிடப்பது இல்லாமல் போனது, நல்லதுதான். ஆனால் மிச்சமான நேரம் பிள்ளையின் கைக்கு வந்ததா, ரியூசனுக்குப் போனதா?

ஏழைப் பிள்ளைக்கு இந்தப் பரீட்சைதானே ஏணி என்பார்கள். 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பயனை அனுபவித்த சமூகத்தில் அதை நான் மறுக்கமாட்டேன். ஏறட்டும், பழைய கூட்டாளியின் வீட்டுக்குச் சனிக்கிழமை பின்னேரம் போய்வர விடுவதால் ஏணி சரியாது. கூடாத சேர்க்கை பற்றிய பயம் அந்த ஏணி வாதத்தைவிட நியாயமானது. என்றாலும் தரம் 8இல் யார் முதலில் கூப்பிட்டாலும் பின்னால் போவது, மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாத பிள்ளைதான் என்பது என் கணிப்பு. ஆகவே புதுக் கூட்டாளி வீட்டுக்கு வந்தால் "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்காதீர்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுங்கள். கிழமையில் ஒரு ரியூசனை நிறுத்துங்கள்; எந்தப் பாடம் என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.