மலிவு கார்புரேட்டர் மாட்டலாமா?

பல மாதம் சும்மா கிடந்த புல்வெட்டும் இயந்திரம் சோக் போட்டால் மட்டும் ஓடி, எடுத்ததும் அணைந்தால், பெரும்பாலும் பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சிறு துளையை, அடைத்திருக்கும். ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, பெட்ரோல் வருவதை அடைத்துவிட்டு, முதலில் அந்தத் துளையைச் சுத்தம் செய்யுங்கள். பல சமயம் செலவே இல்லை. கார்புரேட்டர் உள்ளே அரித்திருந்தால்தான் புதிது தேவை. வேறு நிறுவனத்தின் மலிவுச் சரக்கை நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானதே: ஜெட் துளை சிறுத்திருந்தால் பெட்ரோல் குறைந்து, என்ஜின் ஏறி இறங்கி ஓடும், சூடாகும். ஆனால் கார்புரேட்டர் எளிய அமைப்பு; புதியதில் பழைய ஜெட் பொருந்தினால் அதையே கழுவி மாட்டலாம். அதனால் பழையதை எறிய வேண்டாம். வாங்கும்போது இயந்திரத்தின் பெயரையல்ல, என்ஜினில் பொறித்த மாடல் எண்ணைப் பாருங்கள். கேஸ்கெட் வரிசையையும் கவர்னர் ஸ்பிரிங் மாட்டிய துளையையும் கழற்றுமுன் படமெடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.