மெய்ப்பாட்டியல் நோக்கில் ‘வீடு திரும்புதல்’ விளம்பரம்

முன்னுரை

விற்கும் பொருளின் சிறப்பை எடுத்துரைப்பதே விளம்பரத்தின் இயல்பு. ஆயின், பொருளைப் பற்றி ஒன்றும் கூறாது, பார்ப்போரைக் கலங்கச் செய்து கடையின் பெயரை மனத்தில் நிறுத்தும் விளம்பரங்களும் உள. ஜெர்மனியின் எடேகா பேரங்காடி நிறுவனம் 2015ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பருவத்தில் வெளியிட்ட, ‘வீடு திரும்புதல்’ எனப் பொருள்படும் தலைப்புடைய விளம்பரம் அத்தகையது. அது பெற்ற பாராட்டுக்கும் கண்டனத்திற்குமான காரணத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

விளம்பரக் கதை

முதியவர் ஒருவர் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விருந்தைத் தனியே உண்கிறார். தொலைவில் வாழும் மக்கள் வர இயலவில்லை என்கின்றனர். பின்னர்த் தந்தை இறந்தார் என்னும் செய்தி அவர்களை எட்டுகிறது. கறுப்புடையில் கண்ணீருடன் வந்தோர், வீட்டினுள் விருந்து மேசையைக் காண்கின்றனர். தந்தை உயிருடன் வெளிவருகிறார். அனைவரையும் ஒன்றுசேர்க்க வேறு வழியில்லை என்கிறார். அழுகை மகிழ்ச்சியாக மாறுகிறது. இறுதியில் கடையின் பெயர் தோன்றுகிறது.

மெய்ப்பாடுகளின் வரிசை

தொல்காப்பியர் இளிவரலுக்கு மூப்பையும், அழுகைக்கு இழவையும், மருட்கைக்குப் புதுமையையும் நிலைக்களன்களுள் வைப்பார். இம்மூன்றும் இவ்விளம்பரத்தில் இவ்வரிசையிலேயே அமைந்து, முடிவில் உவகையாகின்றன. இவற்றுள் இழவு மட்டும் பொய்; ஆயினும் அதனால் பிறந்த அழுகை மெய். மக்களைப் போலவே பார்ப்போரும் அப்பொய்யை நம்பியே கலங்குகின்றனர்.

எதிர்வினைகள்

முதியோரின் தனிமையை உணர்த்தியதெனப் பலர் பாராட்டினர்; இணையத்தில் இது கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. சாவை விற்பனைக்குக் கருவியாக்கியதென்றும், மக்களைக் குற்றவுணர்வால் பணியவைப்பதென்றும் வேறுபலர் கண்டித்தனர். பாராட்டியோர் இளிவரலை முதன்மையாகக் கொண்டனர். கண்டித்தோர் இழவை முதன்மையாகக் கொண்டனர். தந்தையை உண்மையாகவே இழந்தவர்க்கு இழவிலிருந்து மருட்கைக்குச் செல்லும் வழியில்லை. அவர்தம் தந்தை மீண்டு வருவதில்லை. அவர்க்கு இவ்விளம்பரம் அழுகையிலேயே நின்றுவிடுகிறது.

முடிவுரை

கதையில் பொய்யுரைத்தவர் தந்தை. உறவின் உரிமையால் மக்கள் அவரைப் பொறுக்கின்றனர். பார்ப்போரிடம் அப்பொய்யைக் கூறுவதோ வணிக நிறுவனம். அதற்கு அவ்வுரிமை இல்லை. கதைக்குள் பொறுக்கப்படும் பொய் கதைக்கு வெளியே கண்டிக்கப்படுவதற்கு இவ்வேறுபாடே அடிப்படை எனலாம். எனவே, கலங்கச் செய்யும் விளம்பரங்களை ஆராய்வோர், எம்மெய்ப்பாடு பிறந்தது என்பதோடு, யார்பொருட்டு அது பிறப்பிக்கப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும்.