இரண்டு மார்பும் எடுத்த பின் அப்படியே இருக்கலாமா?

(கணவன், மனைவி இருவரும் சேர்ந்து படிக்க வேண்டிய பாடம்)



மார்பில் கட்டி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் சிலருக்கு இரண்டு பக்கமும் புற்றுநோய் இருப்பது தெரிய வரும். இன்னும் சிலருக்குத் தாய் வழியிலோ தகப்பன் வழியிலோ வந்த பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணுக் கோளாறு இருக்கும். இவர்களுக்கு இரண்டு மார்பகத்தையும் எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்வதுண்டு. கூடவே ஒரு கேள்வியும் வரும்: "மார்பை மறுபடி உருவாக்கணுமா, அப்படியே விட்டுடலாமா?"

உடனே மனைவி கணவர் முகத்தைப் பார்ப்பார். கணவர் டாக்டர் முகத்தைப் பார்ப்பார். இரண்டு பேரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த நேரத்துக்கு உதவத்தான் இந்தப் பாடம்.

மறுசீரமைப்பு என்றால் என்ன?

சிலிகான் பை வைத்தோ, வயிறு அல்லது முதுகிலிருந்து சதை எடுத்து வைத்தோ மார்பு போல உருவம் அமைப்பதுதான் மறுசீரமைப்பு. இது தோற்றத்துக்காகச் செய்வது. நோயைக் குணமாக்கச் செய்வதல்ல. புதிதாக அமைத்த மார்பில் பால் சுரக்காது. பழைய தொடு உணர்ச்சியும் பெரும்பாலும் திரும்பாது. ஒன்றுக்கு மேற்பட்ட அறுவை தேவைப்படலாம். சிலிகான் பையைச் சில வருஷம் கழித்து மாற்ற வேண்டியும் வரலாம்.

செய்துகொள்ளாவிட்டால் ஆயுள் குறையுமா?

குறையாது. நோய் திரும்புவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படியே விட்டால் அறுவையின் அளவு குறைவு. காயம் ஆறும் நாளும் குறைவு. மறுசீரமைப்பு செய்துகொண்டு மனநிறைவோடு இருப்பவர்களும் உண்டு. அதுவும் சரிதான். இன்று வேண்டாம் என்றவர், பிற்பாடு மனம் மாறினால் செய்துகொள்ளப் பெரும்பாலும் வழி இருக்கிறது. ஆகவே அவசரப்பட வேண்டாம்.

யார் முடிவு செய்வது?

உடம்பு மனைவியுடையது, முடிவும் அவருடையதே. "ஊர் என்ன சொல்லும்", "நாத்தனார் என்ன நினைப்பாள்" என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஐயா, உங்களுக்கு ஒரு வார்த்தை. "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டால், "என்னைப் பிடிக்காமப் போச்சு" என்றுதான் அவர் நினைப்பார். பக்கத்தில் உட்காருங்கள். "எனக்கு நீ பிழைச்சு வந்தாப் போதும். உனக்கு எது சௌகரியமோ சொல்லு, நான் கூட நிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதன்முதலில் கட்டுப் பிரிக்கும்போது அவர் விரும்பினால் கூட இருங்கள். அந்தத் தழும்பை முதலில் தனியாகப் பார்ப்பது கஷ்டம்.

டாக்டரிடம் முன்னதாகச் சொல்ல வேண்டியது

அப்படியே இருக்க முடிவு செய்தால் அறுவைக்கு முன்பே சொல்லுங்கள்: "பிறகு மார்பு வைக்கப் போறதில்லைங்க. தோல் மடிப்புத் தொங்காம மட்டமாத் தைச்சு விடுங்க." சொல்லாவிட்டால், பின்னால் தேவைப்படும் என்று தோலைச் சற்று அதிகம் விட்டு வைப்பதும் உண்டு.

வீடு திரும்பிய பின்

1. நீர் வடியக் குழாய் வைத்து அனுப்பினால், தினமும் எவ்வளவு வடிகிறது என்று குறித்து வையுங்கள்.

2. டாக்டர் சொன்ன கைப்பயிற்சியை விடாமல் செய்யுங்கள். செய்யாவிட்டால் தோள் இறுகி, தலை வாரக்கூடக் கை தூக்க முடியாது.

3. தண்ணீர்க் குடம், புல்லுக்கட்டு, விறகு இவற்றைப் பொதுவாக 4 முதல் 6 வாரம் தூக்கக் கூடாது. அதுவரை குடம் தூக்குவது கணவர் வேலை. இதில் வெட்கம் எதற்கு?

4. அக்குளில் நெறி எடுத்திருந்தால் அந்தக் கை வீங்கக்கூடும். களை எடுக்கும்போது கையுறை போடுங்கள். அரிவாள் கீறல், முள் குத்து எதுவானாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வளையல் இறுகினால் கழற்றிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

5. மார்பு மரத்துப்போனது போலவும் சுருக்கென்று குத்துவது போலவும் இருக்கலாம். பயப்பட வேண்டாம். காய்ச்சல், சிவப்பு, சீழ் என்றால் அன்றே ஆஸ்பத்திரி போங்கள்.

6. மார்பு எடுத்த இடத்திலும் நோய் மீண்டும் வரலாம். தழும்பைச் சுற்றித் தடவிப் பாருங்கள். புதிதாகக் கட்டியோ புண்ணோ தெரிந்தால் தாமதிக்காதீர்கள்.

உடுப்பு

ஒரு மார்பு மட்டும் எடுத்தவருக்கு ஒரு பக்கம் கனம் கூடித் தெரியும். இரண்டும் எடுத்தவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ரவிக்கையை முன்பக்கம் கொக்கி வைத்து, சற்றுத் தளர்வாகப் புது அளவில் தைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், கோவில் என்று போகும்போது வேண்டுமானால் மெல்லிய பருத்தித் துணியில் பஞ்சு வைத்துத் தைத்து உள்ளே வைக்கலாம். வைத்தே தீர வேண்டும் என்பதில்லை.

தாம்பத்தியம்

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது. சேர்ந்து வாழ்வதால் பரவாது. காயம் ஆறியதும், மனைவிக்கு மனம் ஒத்தால், வழக்கம்போல் வாழலாம். ஆனால் சிகிச்சை முடியும் வரை கர்ப்பம் தரிக்கக் கூடாது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரையும் ஊசியும் ஆகாது. நிரோத், காப்பர் டி பற்றி உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

செலவு

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் புற்றுநோய் சிகிச்சைக்கு உதவி கிடைக்கும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.

நினைவில் வையுங்கள்

அறுவையில் போனது நோயுள்ள பாகம். உங்கள் மனைவி போகவில்லை. உங்கள் பிள்ளைகளின் தாய் போகவில்லை. மார்பு வைத்துக்கொண்டாலும் வைக்காவிட்டாலும் அவர் முழுப் பெண்தான். இதை இன்று இரவே ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுங்கள்.